பனியில் உழுத ஏக்கர்

ஈரமான கம்பளிக் கையுறையை இரும்புச் சூடேற்றியின் மேல் காயப்போட்டால் ஒரு மணம் எழும். மழையில் நனைந்த ஆடும் துருப்பிடித்த வாளியும் ஒரே அறைக்குள் இருப்பது போன்ற மணம். அந்த மணம் எங்காவது வந்தால் எனக்கு உடனே பதினொரு வயதாகிவிடும், மொன்றியல் நகரத்து வில்லரேயில் இரண்டாம் மாடியில் நாங்கள் இருந்த சிறிய வீடு நினைவுக்கு வரும், மடியில் ஒரு கனத்த ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய் யன்னலோரம் இருந்த என்னையே நான் பார்ப்பேன். பிள்ளைகளே, அந்த அகராதியில் நான் தேடிப் படித்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது ஒரு பழைய உழவுச் சொல். உங்களுக்கும் தெரிந்ததுதான். ஏக்கர்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே கனடாவுக்கு வந்துவிட்டார். அம்மாவும் அண்ணனும் நானும் மட்டக்களப்பில், நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகவேண்டிய ஊரில் இருந்தோம். எங்களுக்கு அங்கே மூன்று ஏக்கர் வயல் இருந்தது. எனக்குப் பத்து வயது முடிந்தபோது எங்கள் மூவருக்கும் விசா வந்தது. அண்ணனுக்கு உயர்தரப் பரீட்சை இருந்தது. அது முடிந்ததும் அம்மாவும் அவனும் வருவார்கள் என்று சொல்லி, தெரிந்த ஒரு குடும்பத்தோடு என்னை முன்னதாக விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். மொன்றியல் விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்த மனிதரைப் புகைப்படத்தில்தான் எனக்குத் தெரியும். புகைப்படத்தில் இருந்தவருக்குத் தலைமயிர் கூடுதல்.

அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். நான் பாடசாலையால் வரும்போது அவர் வேலைக்குப் புறப்பட்டிருப்பார். நான் காலையில் புறப்படும்போது அவர் நித்திரையாக இருப்பார். மேசையில் ஒரு கோப்பையில் சோறும் மேலே மூடிய தட்டும் இருக்கும். சில நாட்களில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அந்தத் தட்டின் மூலமாகத்தான்.

இந்த நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூலை முதலாம் திகதி பாதி ஊர் வீடு மாறும். கொண்டுபோக முடியாததை எல்லாம் நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் வந்து இரண்டு கிழமைகூட ஆகாத அந்த நாளில், அப்பா ஒரு கதிரையையும் மட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். "படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் வேணும்தானே" என்றார். அது ஆங்கில அகராதி. நான் சேரப்போவதோ பிரெஞ்சுப் பாடசாலை. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுதான் எனக்கு அவர் தந்த முதல் பொருள்.

பாடசாலையில் என்னை "அக்கேய்" என்று சொல்லும் வகுப்பில் போட்டார்கள். பிரெஞ்சு தெரியாமல் வந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்து வைக்கும் வகுப்பு அது. பதினெட்டுப் பேர் இருந்தோம். தமிழ் பேச என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மார்கழி மாதத்தில் ஆசிரியை எங்கள் எல்லோரையும் சொந்த ஊரை வரைந்து அதைப் பற்றி இரண்டு வசனம் சொல்லச் சொன்னார். நான் பச்சைப் பென்சிலைத் தேய்த்து வயலை வரைந்தேன். சொல்லும்போது எனக்குப் பிரெஞ்சு முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில், வேறு வழியில்லாமல், அம்மாவின் வாயில் வருகிற மாதிரியே "ஏக்கர்" என்றேன். மூன்று விரலைக் காட்டினேன். ஆசிரியை தெரிந்த சொல்லைக் கேட்டது போலத் தலையாட்டிவிட்டு, அதைத் தன் எழுத்தில் கரும்பலகையில் எழுதினார்.

ஏக்கர் தமிழ்ச் சொல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வயல்வெளியைச் சொல்லும் "வட்டை" என்பதும் நெற்பயிரைச் சொல்லும் "வெள்ளாமை" என்பதும் போல அதுவும் எங்கள் ஊர் வயலில் முளைத்த சொல் என்றே இருந்தேன். அம்மாவின் ஒரு சொல் இந்தப் பனி நாட்டுப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்காமல், அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடச் சரியாகக் கழற்றாமல், கரும்பலகையில் பார்த்த எழுத்துகளை வைத்து அகராதியில் தேடினேன்.

எனக்கு இருந்த ஆங்கிலம் கொஞ்சம். ஒரு சொல்லைப் படிக்க வேறு ஐந்து சொல்லைத் தேடவேண்டியிருந்தது. ஆனாலும் நேரம் நிறைய இருந்தது, கேட்க ஆளும் இல்லை, அதனால் படித்தேன். ஏக்கர் ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ஆதியில் அதற்கு அளவே கிடையாது. வெளியாய்க் கிடக்கும் நிலம் என்பதுதான் பொருள். பிறகு உழுத வயலுக்கு அந்தப் பெயர் வந்திருக்கிறது. அதற்கு உறவுக்காரர் நிறைய: ஜெர்மனில் ஒருவர், இலத்தீனில் ஒருவர், கிரேக்கத்தில் ஒருவர், சமஸ்கிருதத்தில்கூட ஒருவர், எல்லோருக்கும் ஒரே முகச்சாயல். ஒரு சொல்லுக்கு இத்தனை நாட்டில் இனசனம் இருப்பதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு அடுத்து ஒரு வரியில் எருதைப் பற்றி ஏதோ இருந்தது. அதை நான் தாண்டிப் போய்விட்டேன். எனக்கு வேண்டியிருந்தது கணக்கு. நீளம் இருநூற்றிருபது யார், அகலம் இருபத்திரண்டு யார் என்று கடைசியில் போட்டிருந்தது; ஒரு யார் என்றால் மூன்று அடி. அதைத்தான் நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஏன் கணக்கு என்று கேட்பீர்கள். அம்மா வராமல் இருந்தார், அதனால்தான்.

ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் நாங்கள் போன் காட் ஒன்றைச் சுரண்டி, அந்த இலக்கங்களை எல்லாம் அழுத்தி, மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தொலைபேசிக் கடைக்கு எடுப்போம். அங்கே ஞாயிறு பின்னேரம். அம்மா பஸ் ஏறி வந்து கடை வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார். அண்ணன் ஒருநாளும் போனுக்கு வருவதில்லை. பரீட்சை முடிந்து கொழும்பில் ஏதோ படிக்கிறான், அங்கே போன் வசதி இல்லை என்றார்கள். அம்மாவின் விசாவுக்கு ஒரு "கெடு" இருந்தது. மாசி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே பதில்தான். "வெள்ளாமை வெட்டினாப்போல வாறன் மனே."

எங்கள் பக்கத்தில் மாரி வெள்ளாமை வெட்டுவது பங்குனியில். கெடு மாசியில். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அம்மாவுக்கு என்னைவிட அந்த மூன்று ஏக்கர்தான் பெரிது என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் அது எவ்வளவு பெரிது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு எதிரே ஒரு பூங்கா. தை மாதத்தில் அது நீளத்துக்கு வெள்ளையாய்க் கிடக்கும். உடுப்புக் காயப்போடும் கயிற்றைப் பாடசாலை அடிமட்டத்தால் பதினொரு யார் நீளத்துக்கு அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை இறங்கினேன். கயிற்றை இருபது தடவை நீட்டினால் ஓர் ஏக்கரின் நீளம். இரண்டு தடவை நீட்டினால் அகலம். மூன்று ஏக்கரையும் பக்கம் பக்கமாக வைத்து, நாலு மூலையிலும் பனியைக் குவித்து அடையாளம் வைத்துவிட்டு, எல்லையைச் சுற்றி நடந்தேன். புறப்பட்ட மூலைக்குத் திரும்ப வர எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

பத்தே நிமிடம். நான் அந்த மூலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் இருந்தது.

அடுத்த நாள் காலை போனை அப்பாவிடமிருந்து நானே முதலில் வாங்கினேன். வாரம் முழுக்க யோசித்து வைத்தது போல அது வாயில் வந்தது.

"அம்மா, உங்கட மூணு ஏக்கரையும் நான் இஞ்ச அளந்து நடந்து பாத்தன். சுத்திவரப் பத்து நிமிசம்தான். இந்தத் துண்டுக்காகவா நீங்க வராம இரிக்கிறிங்க?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ இருமியது கேட்டது. அப்பா கதிரையிலிருந்து எழும்பி என் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், பிறகு நின்றுவிட்டார்.

"வயலுக்காக ஆர் மனே இரிப்பாங்க," என்றார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அண்ணன் கொழும்பில இல்ல. நீ போய் மூணாம் மாசம், வரம்பு கட்ட எண்டு வயலுக்குப் போனவன் மறுகா வரல்ல. மண்வெட்டி மட்டும் வரம்பில கிடந்திச்சி. நான் தேடாத இடமில்ல, கேக்காத ஆக்கள் இல்ல. அவன் எப்ப வந்தாலும் முதல்ல வயலுக்குத்தான் வருவான். வயல் தரிசாக் கிடந்தா, நாம எல்லாரும் போயிட்டம் எண்டு நினைச்சிருவான்."

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று போன் காட்டுக்குள் இருக்கும் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஒரு நிமிடத்தில் அம்மா நான் சாப்பிட்டேனா என்று கேட்டார், காதை மூடித் தொப்பி போடச் சொன்னார். பிறகு வெட்டுப்பட்டது.

அப்பா அடுப்பில் தண்ணீர் வைத்தார். "நீ சின்னப் பிள்ள எண்டுதான் சொல்லல்ல," என்றார் என்னைப் பார்க்காமல். தேநீர் ஊற்றி எனக்கு ஒன்றும் தனக்கு ஒன்றும் வைத்தார். பிறகு, வேலை இல்லாத நாளாக இருந்தும், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். பூங்காவின் ஓரத்தில் நின்றார். நான் குவித்து வைத்த பனி மூலைகளில் ஒன்றின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார்.

அன்று நான் அகராதியைத் திரும்ப எடுத்தேன். முதலில் தாண்டிப் போன எருது வரியைச் சொல் சொல்லாய்ப் பிரித்துப் படித்தேன். ஒரு சோடி எருது ஒரு பகலில் உழக்கூடிய நிலம், அதுதான் ஏக்கர். நான் கொப்பியில் எழுதிய யார்க் கணக்கெல்லாம் பிற்காலத்தில் அரசர்கள் சட்டம் போட்டு வைத்ததாம். நீளம் ஏன் இருநூற்றிருபது யார் என்றால், எருது மூச்சு வாங்க நிற்காமல் இழுக்கக்கூடிய ஒரு சாலின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு. "சால்" என்றால் கலப்பை கீறிக்கொண்டு போகும் கோடு. அப்படியானால் ஏக்கர் என்பது முதலில் தூரத்தைக் குறித்த சொல்லே இல்லை. ஒரு மனிதரும் இரண்டு மாடும் பட்ட ஒரு நாள் பாடு. அதைப் போய் நான் சுற்றி நடந்து அளந்திருக்கிறேன். வயலைச் சுற்றி நடப்பவர் விலை பேச வந்தவராக இருக்கலாம். உழுபவர் அதற்குள்ளே போய்ப் போய் வருகிறவர். அந்தப் பகுதியின் கடைசி வரியில், இடுகாட்டை ஆங்கிலத்தில் கடவுளின் ஏக்கர் என்று சொல்வதுண்டு என்று போட்டிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

கிழமை நடுவில் புதுப்பனி கொட்டி என் எல்லைகளை எல்லாம் மூடியது. அடுத்த சனிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கயிற்றையும் கொண்டு இறங்கினேன். இந்த முறை ஓர் ஏக்கர் மட்டும். விளக்குக் கம்பத்தடியில் தொடங்கி, இரண்டு சப்பாத்தையும் ஒட்டி வைத்து, தூக்காமல் இழுத்து இழுத்துப் போனேன். பின்னால் ஓர் அடி அகலத்துக்குச் சால் விழுந்தது. மறுகரைக்குப் போய்த் திரும்பி, அதை ஒட்டி இன்னொன்று. அகலம் அறுபத்தாறு அடி. ஆகவே அறுபத்தாறு சால் வேண்டும்.

பத்தாவது சாலில் தொடை நடுங்கத் தொடங்கியது. பதினான்காவது முடிந்தபோது எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் றெஜினா அன்ரி வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், பிள்ளைகள் இல்லாதவர், என்னை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவோடு ஓயாமல் வாதாடுபவர். காலையிலிருந்து என்னை யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தம்பி, என்னத்தைத் துலைச்சனீர்?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. வீட்டுத் திறப்பா, பஸ் காட்டா, கையுறையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, பெரிதாக ஏதோ தொலைந்துவிட்டது என்று அவருக்கு உறுதியாகிக்கொண்டு போனது. கடைசியில் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, குனிந்து, காலால் பனியைக் கிளறிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். அடுத்த கரை வரை வந்தார். அங்கே மூச்சு வாங்க நின்றபோதுதான் நான் ஏக்கர் கதையைச் சொன்னேன். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை.

"எங்கடை பக்கம் நாலு பரப்பு வைச்சிருந்தாலே பெரிய ஆள். நீங்கள் மட்டக்களப்பார் வாய் திறந்தால் ஏக்கர் கணக்குத்தான்," என்று சிரித்தார். அவர்கள் பக்கத்துப் பரப்பு பதினாறு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். என் தொப்பியை இழுத்துக் காதுக்கு மேல் விட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனார். பதினைந்தாவது சால் மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு அகலமாக இருந்தது.

நாலரை மணிக்கு வெயில் போய்விட்டது. இருபத்திமூன்று சால் முடிந்திருந்தது. மிச்சம் வெள்ளையாய்க் கிடந்தது. வீட்டுக்குப் போய்க் கையுறையைச் சூடேற்றியில் போட்டேன். அந்த மணம் எழுந்தது.

ஞாயிறு காலை அம்மாவிடம், ஓர் ஏக்கரை உழப் பார்த்தேன், ஒரு நாளில் முடியவில்லை, மூன்றில் ஒரு பங்குதான் ஆனது என்றேன். அம்மா சிரித்தார். நான் இங்கே வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"எருது பூட்டாம உழுதா அப்பிடித்தான் மனே," என்றார்.

எப்போது வருவீர்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை. மாசி முடிந்தது. கெடு தாண்டிய விசாக் கடிதத்தை அப்பா மடித்து அகராதிக்குள் வைத்தார். பங்குனியில் அம்மா வெள்ளாமையை வெட்டினார். மாரி வர மறுபடியும் விதைத்தார். அப்படியே ஐந்து மாரி விதைத்தார். பிறகு சண்டை மூண்டு ஊரில் இருக்க முடியாத காலம் வந்தது. ஊரவர்கள் எல்லோரும் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். வட்டைப் பக்கம் போக யாரையும் விடவில்லை. இரண்டு மாரி வயல் தரிசாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா, மறுபடி விசா எடுத்து, கனடாவுக்கு வர ஒத்துக்கொண்டார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் சமையலறையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்த பெண்ணின் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்த்துப் பேசத்தான் தெரியவில்லை. எதிரெதிரே இருந்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு போன் காட் முடியும் நேரத்துக்குப் பேசிவிட்டு இருவரும் நாங்களாகவே நிறுத்திக்கொள்வோம். ஒரே வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தும், பழைய தட்டு மூடிய கோப்பை இன்னும் மேசையில் இருப்பது போலத்தான் இருந்தது.

முதல் பனி விழுந்த காலையில் அம்மா அப்பாவின் பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"நீ உழுத இடம் எங்க? காட்டு."

நான் கூட்டிப் போய் விளக்குக் கம்பத்தைக் காட்டினேன். அம்மா அதன் அடியில் நின்று மறுகரையைப் பார்த்தார். இரண்டு சப்பாத்தையும் ஒட்டி வைத்து இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். அந்தக் கரையில் திரும்பி, முதல் சாலோடு ஒட்டி இன்னொன்று போட்டுக்கொண்டு வந்தார். கம்பத்தடிக்கு வந்ததும் நின்று, பிள்ளைக்கு எண்ணிக் காட்டுகிற மாதிரி "ரெண்டு" என்றார். அவ்வளவுதான். எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். அன்று மத்தியானம் நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அண்ணன் சின்ன வயதில் வரம்பில் வழுக்கி விழுந்த கதைகளை அம்மா சொன்னார். அதற்கு முன் அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சத்தமாய்ச் சொன்னதில்லை.

பிள்ளைகளே, அந்தப் பூங்காவில் நீங்கள் பந்து விளையாடும் இடம்தான் அது. இப்போது அங்கே புல்லும் இல்லை. பச்சை நிறத்தில் செயற்கை விரிப்பு, அதன்மேல் வெள்ளைக் கோடு. விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். றெஜினா அன்ரி மகள் முறையான ஒருவரோடு ரொறன்ரோ போய்விட்டார். அகராதியை, நீங்கள் பிறப்பதற்கு முன், ஒரு ஜூலை முதலாம் திகதி வீடு மாறும்போது தவறுதலாக நடைபாதையில் விட்டுவிட்டு வந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தபோது யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், உள்ளே இருந்த கடிதத்தோடு. உங்கள் அப்பம்மாவான என் அம்மாவும் இப்போது இல்லை. அவரை உங்களில் மூத்தவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

என் அண்ணனான உங்கள் பெரியப்பாவைப் பற்றி இதுவரை ஒரு செய்தியும் இல்லை. வயலை இப்போது வேறு ஊர்க்காரர் ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை, அவருக்கும் எங்களைத் தெரியாது. போன மாதம் சொந்தக்காரப் பையன் ஒருவன் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மூன்று ஏக்கரும் கதிர் முற்றி, ஒரு மூலைகூடத் தரிசு இல்லாமல் விளைந்து கிடக்கிறது. இன்றைக்குப் பெரியப்பா அந்த வரம்பில் வந்து நின்றால், நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.